ஜே சீலன் என்று ஒருவர் இல்லை

9 மார்ச் 2023, வியாழன்

முழங்கால் மூட்டு மாற்றி மூன்றாம் நாள். இன்று மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிசியோதெரபி செய்யும் பெண், பெயர் ஃபுன்மி, நைஜீரியக்காரி, இந்தக் கொப்பியைக் கையில் தந்து தினமும் எழுதச் சொன்னாள். எத்தனை பாகை மடக்கினேன், எவ்வளவு தூரம் நடந்தேன், வலி பத்துக்கு எத்தனை. மனதில் தோன்றுவதையும் எழுதலாமாம், வீட்டில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அது நல்லதாம். என் மனதில் என்ன தோன்றப்போகிறது? அறுபத்து மூன்று வயது. லண்டனில் முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் கடிதம் தரம் பிரித்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் எழுதச் சொன்னால் எழுதுவேன். கோடு போட்ட தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது.

ஆஸ்பத்திரியில் நான்கு படி ஏற்றிக் காட்டினார்கள். எங்கள் வீட்டில் பதின்மூன்று படி. அதனால் முன்னறைச் சோபாவைக் கட்டிலாக்கி நேசம் என்னைக் கீழேயே குடியேற்றிவிட்டாள்.

மடக்கல் 62 பாகை. நடை: வாசலிலிருந்து சோபா. வலி 7. நேசம் கேட்டபோது 4 என்றேன்.

11 மார்ச், சனி

65 பாகை. நேசம் புட்டு அவித்தாள். மகள் ஷரோன் லீட்ஸிலிருந்து போன் எடுத்து, "அப்பா, அம்மாவுக்கு உபத்திரவம் குடுக்காமல் இருங்கோ" என்றாள். வெட்டுப்பட்டது என் கால். அனுதாபம் அம்மாவுக்கு.

14 மார்ச், செவ்வாய்

நேசம் எட்டரைக்கு மருந்துக்கடை வேலைக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வருவாள். பதினொரு மணிக்குத் தபால் வந்து கதவடியில் விழும். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக் குனிந்து எடுப்பதே எனக்கு அன்றைய பெரிய பயணம்.

இன்று நேசத்தின் பெயருக்கு ஒரு கடிதம். இந்த வீட்டில் எல்லாக் கடிதத்தையும் நான்தான் உடைப்பேன், அது வழக்கம். பழைய ஹவுஸ் நடன இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடும் ஒரு சிறிய கம்பெனியிலிருந்து றேச்சல் என்ற பெண் எழுதியிருக்கிறாள். "கெரி மீ டு மண்டே" வெளிவந்து முப்பது வருடம் ஆகிறதாம், புதிதாக அச்சிடப் போகிறார்களாம். பாடியவர் பெயர் பழையபடி ஜே சீலன் என்றே இருக்கட்டுமா, மாற்ற வேண்டுமா? மார்ச் 31க்குள் பதில் வேண்டும். வராவிட்டால் பழையபடியே அச்சாகும்.

ஜே சீலன் கதை எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரியும். எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டைப் பாடியது என் மனைவி நேசமலர். யாழ்ப்பாணத்தில் கல்லூரிப் பாடகர் குழுவில் பாடியவள், இங்கே ரூட்டிங்கில் சேர்ச்சில் பாடினாள். எங்கள் வழக்கப்படி புருஷன் பெயர்தானே பெண்சாதிக்குக் குடும்பப் பெயர். அவள் நேசமலர் ஜெயசீலன். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர்தான் பெயர். அவன் முன்பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தையும் இரண்டாக வெட்டி ஜே சீலன் என்று அச்சடித்துவிட்டான். உலகம் முழுக்க நடனக் கிளப்புகளில் என் மனைவியின் குரலில் என் பெயர் ஆடியது. இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். நேசமும் சிரிப்பாள்.

கடிதத்தை முழங்கால் பயிற்சிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பிறகு கொடுக்கலாம்.

70 பாகை. வலி 5.

15 மார்ச், புதன்

நேசத்துக்குக் களைப்பு. கொடுக்கவில்லை.

17 மார்ச், வெள்ளி

ஃபுன்மி வந்தாள். என்னைச் சோபாவில் இருத்தி, குதிக்காலை இழுத்து இழுத்து முழங்காலை மடக்க வைத்தாள். குசினியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆறாவது தடவை மடக்கும்போது அந்தப் பியானோ கேட்டது. முதல் நான்கு அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவன் இருமினால் இருட்டிலும் தெரியும், அதுபோல.

ஃபுன்மி எழும்பி ரேடியோவைப் பெரிதாக வைத்தாள். "இதுக்குச் சரியாக மடக்குங்கள், தாளம் தப்பக் கூடாது" என்று கை தட்டினாள். பிறகு நேசத்தின் குரல் வந்தது. ஆழமான குரல். ஆணா பெண்ணா என்று முதலில் தெரியாது, பிறகு ஒரு இடத்தில் மேலே ஏறும்போதுதான் தெரியும். திங்கட்கிழமை வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு போ, அங்கிருந்து நானே நடந்துகொள்வேன். பாட்டு முழுக்க இதுதான் சொல். எட்டு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவாள்.

"என் அம்மா வீடு கூட்டும்போது போடுகிற பாட்டு" என்றாள் ஃபுன்மி. "இந்த ஜே சீலனுக்கு என்ன ஆனது என்று அம்மா இன்றைக்கும் கேட்பார். இதற்குப் பிறகு ஒரு பாட்டுக்கூட வரவில்லையாம். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு எப்படி ஒரு ஆள் சும்மா இருக்க முடியும்? உங்களுக்குத் தெரியுமா இவரை?"

"கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

78 பாகை. ஃபுன்மிக்குச் சந்தோஷம். வலி எழுதவில்லை.

19 மார்ச், ஞாயிறு

நேசம் தனியாகச் சேர்ச்சுக்குப் போனாள். நான் சோபாவில் கிடந்து கூரையைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் சேர்ச்சில் ஓர்கன் வாசித்தவன் டெஸ்மண்ட். ஜமெய்க்காக் குடும்பம். பகலில் சலவை மெஷின் திருத்துவான், மற்ற நேரமெல்லாம் தாயின் வீட்டுப் பின்னறையில் தாள மெஷினோடு குந்தியிருப்பான். 1993 ஜனவரியில் ஒருநாள், "நேசா, எட்டு வரி பாடித் தா" என்று கேட்டான். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் கம்பளிப் போர்வைகளைக் கட்டியிருந்தான். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் தாய் தந்த தேநீரைக் குடித்தேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. நேசம் வெளியே வந்து, "தொண்டை காஞ்சு போச்சு, வாங்கோ போவம்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

டெஸ்மண்ட் முந்நூறு தட்டுகள் அடித்தான். நடுவில் வெறும் வெள்ளைத்தாள், அதில் ஒரு ரப்பர் முத்திரை, பாட்டின் பெயர் மட்டும். காரின் பின்பெட்டியில் வைத்துக் கடை கடையாகப் போனான். கிளப்பில் பாட்டுப் போடும் டீஜேக்கள் அந்த வெள்ளைத்தாள் தட்டு தனக்குத்தான் வேண்டும் என்று அடிபட்டார்கள். அடுத்தவன் கண்டுபிடிக்கக் கூடாதென்று சிலர் அந்தத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்களாம்.

மே மாதம் ஒரு ஞாயிறு. டெஸ்மண்ட் எங்களைச் சேர்ச்சிலிருந்து நேரே காரில் ஏற்றி வாக்ஸ்ஹோலுக்குக் கொண்டுபோனான். ரயில் பாலத்தின் வளைவுக்கடியில் ஒரு கிளப். முதல்நாள் இரவு ஆடி முடியாதவர்கள் ஞாயிறு மத்தியானம் அங்கே வந்து மிச்சத்தை ஆடுவார்கள். வெளியே நல்ல வெயில், உள்ளே கும்மிருட்டு. நான் கோட்டும் டையும். நேசம் சந்தன நிறப் பட்டு, சிவப்புக் கரை. வாசலில் நின்றவன் என்னை நகரசபை இன்ஸ்பெக்டர் என்று நினைத்து "சேர்" என்று கூப்பிட்டான்.

தன் கைப்பையையும் குடையையும், "இதைப் பிடியுங்கோ" என்று நேசம் என்னிடம் தந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்போது அந்தப் பியானோ தொடங்கியது.

எப்படிச் சொல்வது? அறுநூறு எழுநூறு பேர் ஒரேயடியாகக் கையை உயர்த்தினார்கள். சேர்ச்சில்கூட நான் அப்படிக் கண்டதில்லை. டெஸ்மண்ட் மைக்கை எடுத்து, பாடினவர் இதோ நிற்கிறார் என்று காட்டிவிட்டான். சனம் திரும்பியது. வட்டம் விட்டு நடுவில் அவளை விட்டார்கள். நேசம் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பட்டுச் சேலையோடு, தன் குரலோடு தானே சேர்ந்து பாடினாள். அவ்வளவு வடிவாக அவளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எங்கள் கல்யாணத்திலும் இல்லை.

இதை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷம் என்று எழுதி இந்தப் பக்கத்தை முடிக்கலாம்.

80 பாகை.

20 மார்ச், திங்கள்

தையல் பிரித்தார்கள். இருபத்தெட்டு. எண்ணினேன்.

22 மார்ச், புதன்

கடிதம் இன்னும் பயிற்சிப் புத்தகத்துக்குள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதத்தையும் தவறான பெட்டியில் போடாதவன் என்று எனக்கு ஓய்வுநாளில் கண்ணாடிக் கிண்ணம் தந்தார்கள். அது அலுமாரிக்கு மேலே இருந்து என்னைப் பார்க்கிறது.

கடிதத்தோடு இன்னொரு தாள் இருந்தது. அதை 14ஆம் திகதி எழுதவில்லை. 1993இல் ஒரு பெரிய கம்பெனி டெஸ்மண்டின் பாட்டை எடுத்துக்கொண்டபோது பாடியவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல் அது. எங்கள் சேர்ச்சில் பாதிப் பேருக்கு விசாப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், கார் லைசென்ஸ் எல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் நான். நேசத்தின் படிவத்தை வேறு யார் நிரப்புவது? முதற்பெயர் என்ற பெட்டியில் நேசமலர் என்று இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற பெட்டியில் ஜெயசீலன். அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு பெட்டி: இசைத்தட்டில் அச்சிட வேண்டிய பெயர்.

அதில் ஜே சீலன் என்று இருக்கிறது. என் கையெழுத்தில். நடுவில் இடம் விட்டு.

வெள்ளைக்காரன் ஒன்றையும் வெட்டவில்லை.

வலி 2. முழங்காலில்.

24 மார்ச், வெள்ளி

ஏன் எழுதினேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். யோசிக்க என்ன இருக்கிறது, தெரிந்ததுதான்.

அன்று அந்தச் சுவரோரம் நான் ஆறு நிமிடம் நின்றேன். ஒரு கையில் கைப்பை, மறு கையில் குடை. நேசம் ஒரு தடவையும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. நாட்டை விட்டு வந்ததிலிருந்து கடைக்குப் போவதென்றாலும் என்னைக் கேட்டுப் போன பெண். அவளுக்கு இந்த ஊரில் நான் இல்லாமலே ஒரு இடம் இருக்கிறது என்று அந்த ஆறு நிமிடத்தில் கண்டேன். பயந்துபோனேன். பொறாமையும்தான். அடுத்த கிழமை படிவம் வந்தது.

டெஸ்மண்ட் அதைப் பார்த்துவிட்டு, "சீலன், நேசா இப்படித்தான் கேட்டாளா?" என்றான். நல்ல மனிதன். "எங்கள் வழக்கம் இதுதான், பெண்சாதியின் பெயரை வெளியே போடுவதில்லை. அவளிடம் இதைப் பற்றிக் கேட்காதே, கூச்சப்படுவாள்" என்றேன். எங்களில் அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. அடுத்தவன் வழக்கம் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்கும் ஆள் அவன். ஏழு வருடத்துக்கு முன் செத்துப் போகும்வரை நேசத்திடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பாட்டு அந்தக் கோடையில் கிளப்புகளின் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறி ஆறு கிழமை அங்கேயே நின்றது. கடைகளில் விற்கும் பட்டியலில் அறுபத்தொன்றுக்கு மேலே போகவில்லை. வீட்டில் இருந்து கேட்கும் பாட்டில்லை அது, கால் இருந்தால்தான் கேட்கும் என்பான் டெஸ்மண்ட். டீஜேக்கள் ஒவ்வொரு கிழமையும், தட்டைப் போட்டபோது சனம் என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதிக் கம்பெனிக்கு ஃபக்ஸ் அனுப்புவார்கள். டெஸ்மண்ட் அவற்றைக் கொண்டுவந்து தருவான். மான்செஸ்டர், கிளாஸ்கோ, இபிசா, நியூயோர்க். நான் நேசத்துக்கு வாசித்துக் காட்டுவேன். மாவு குழைத்தபடி கேட்பாள். சில வரிகளை விட்டுவிட்டு வாசிப்பேன்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க ரெலிபோன் அடித்தால் நேசம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். ஊரில் சண்டை, தாயிடமிருந்து செய்தி வரும் என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

84 பாகை.

26 மார்ச், ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார்கள். நேசம் அரக்கப்பரக்கச் சேர்ச்சுக்குப் போய் வந்தாள். வந்ததும், சேலையைக்கூட மாற்ற விடாமல், கடிதத்தையும் நகலையும் எடுத்து நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு இரண்டையும் வாசித்தாள். பிறகு மடித்து மடியில் வைத்தாள்.

"எப்ப வந்தது?"

"பதினாலாம் திகதி."

"ம்."

"நேசம், அந்தப் பெட்டியில எழுதினது நான். வெள்ளைக்காரன் பிழை விட்டது எண்டு நான் சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"நீங்கள் நிரப்பிப்போட்டு மேசையில வைச்சிட்டுக் குளிக்கப் போனீங்கள். நான் பாத்தன். அப்பவே தெரியும்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன். முப்பது வருசம் எடுக்கும் எண்டு ஆர் கண்டது?" என்று சொல்லி எழுந்தாள். "அண்டைக்கு என்னைப் பாத்துக்கொண்டு கைப்பையோட நிண்ட நிலை எனக்குத் தெரியாதே? பாவம், மனுசனுக்குப் பொறுக்கேல்லை எண்டு நினைச்சன். கொஞ்சம் சிரிப்பாயும் இருந்தது. சரி, எழும்பி வாங்கோ, சொதி ஆறப்போகுது."

விழாக்களில் நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரித்தது எதற்கென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கடிதத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

90 பாகை! வலி இல்லை.

27 மார்ச், திங்கள்

காலையில் விழித்தபோது நிம்மதி. பத்து மணி வரைக்கும் இருந்தது.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது. இனி ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. டெஸ்மண்டும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் சுபம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அது எந்தத் தாளிலும் இல்லை.

1993 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. நேசம் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரெலிபோன் அடித்தது. மான்செஸ்டரிலிருந்து ஒரு மனிதன். பெயரும் சொன்னான், அந்தப் பெயரைப் பிறகு பெரிய தட்டுகளில் எல்லாம் கண்டிருக்கிறேன். புதுப் பாட்டு ஒன்று செய்திருக்கிறானாம். பதினேழு பாடகரைப் பாட வைத்துப் பார்த்தும் சரிவரவில்லையாம். ஜே சீலனின் குரல்தான் வேண்டுமாம். பாடுவதோடு கிளப்புக்கும் வந்து நேரில் நிற்க வேண்டுமாம். "ஜே சீலனோடு பேசலாமா?"

"அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்றேன்.

வைத்துவிட்டேன். நேசம் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். "ஆரப்பா?"

"பிழையான நம்பர்."

பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜே சீலன் என்று ஒருவர் இல்லைத்தானே.

28 மார்ச், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வேலையால் வந்து மாடிப்படியில், மூன்றாவது படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். நடைச்சட்டத்தைப் பிடித்தபடி முன்னால் நின்று சொன்னேன். அவளால் என்னைத் தாண்டிப் போக முடியாத இடத்தில் நின்றதும் ஒரு கோழைத்தனம்தான்.

ஒரு சப்பாத்தைக் கையில் வைத்தபடி முடியும்வரை கேட்டாள்.

"சனிக்கிழமையோ?"

"ஓம். நீர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனீர்."

"எனக்கு ஞாபகம் இருக்கு. ஷரோன் வயித்தில வாறதுக்கு முதல்." கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தாள். "நான் ஒரு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். ரெலிபோன் அடிக்கேக்கை எல்லாம் ஓடி வந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை. ஏதோ அந்த ஒரு பாட்டு டெஸ்மண்டின்ர கெட்டித்தனத்தால ஓடிச்சுது, என்ர குரல் அவ்வளவுதான் எண்டு நினைச்சன். முப்பது வருசமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன். அதுதான் சேர்ச்சிலயும் தனியப் பாடுறதை விட்டனான்."

"நேசம்..."

"பேரை எடுத்தது எனக்குப் பெரிசில்லை. பேர் ஆருக்கு வேணும்? இது வேற."

மேலே போய்விட்டாள். பதின்மூன்று படியையும் கேட்டேன். என்னால் பின்னால் போக முடியவில்லை.

29 மார்ச், புதன்

சாப்பாடு மேசையில் இருந்தது. பேச்சு இல்லை.

30 மார்ச், வியாழன்

மாத்திரையும் தண்ணீரும் சோபாவுக்குப் பக்கத்தில். பேச்சு இல்லை. ஃபுன்மி வந்து, முழங்கால் நன்றாக இருக்கிறதே, முகம் ஏன் இப்படி என்று கேட்டாள்.

31 மார்ச், வெள்ளி

கடைசி நாள். நேசம் வேலைக்குப் போய்விட்டாள். கடிதம் காந்தத்துக்குக் கீழே வைத்தபடியே இருந்தது.

பதினொரு மணிக்கு றேச்சலின் நம்பரை ரெலிபோனில் பாதி அமத்தினேன். நேசமலர் என்று போடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல காரியம்தானே? பிறகுதான் உறைத்தது, நான் மறுபடி அவள் படிவத்தை நிரப்பப் போகிறேன் என்று. வைத்துவிட்டேன். பேசாமல் இருப்பதுபோல் கஷ்டமான வேலையை நான் தபால் கந்தோரில்கூடச் செய்ததில்லை.

அதற்குப் பதிலாகப் படி ஏறினேன். நல்ல காலை முதலில் வைத்தேன், பிறகு வெட்டிய காலை. ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பத்தாவதில் அழுகை வந்தது, வலியால் என்று வைத்துக்கொள்வோம். மேலே அலுமாரிக்கு அடியில் பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்று. அந்த ஃபக்ஸ் தாள்கள் எல்லாம் அதற்குள். இறங்கும்போது நிற்கப் பயந்து, சின்னப் பிள்ளைபோல் குண்டியால் ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்தேன், பெட்டி மடியில்.

நேசம் வந்ததும் பெட்டியைக் கொடுத்தேன். "நான் வாசிக்காமல் விட்ட வரியள் இதில இருக்கு" என்றேன். மை மங்கிப் போயிருந்தது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிடித்து வாசித்தாள். முதலில் மனதுக்குள். பிறகு வாய்விட்டு.

"கிளாஸ்கோ. மூன்று முறை போட்டேன், இன்னும் கேட்கிறார்கள். யார் இந்தக் குரல்?"

"லீட்ஸ். தளம் அதிர்ந்தது. யார் இவர்?"

"நியூயோர்க். இவரை எங்கே பிடிக்கலாம்? தயவுசெய்து சொல்லுங்கள்."

நாற்பத்தாறு தாள். முப்பத்தொன்றில் அந்தக் கேள்வி இருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி அழுதாள். நான் கிட்டப் போகவில்லை. போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டு, "மேல எப்பிடிப் போனீங்கள்?" என்றாள்.

"படியால."

"விழுந்திருந்தால்?"

"நேசம், இண்டைக்குத்தான் கடைசி நாள். கந்தோர் பூட்டியிருப்பினம்."

"நான் மத்தியானமே கடையில இருந்து கதைச்சிட்டன்."

"என்ன பேர் குடுத்தனீர்?"

"வரேக்கை பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

98 பாகை.

23 ஏப்ரல், ஞாயிறு

மேலே படுக்க அனுமதி. ஃபுன்மியின் அனுமதியும், மற்றதும்.

12 மே, வெள்ளி

ஃபுன்மி கடைசி முறை வந்தாள். 115 பாகை. போகும்போது, அவள் அம்மாவுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னேன். அந்தப் பாட்டைப் பாடியது ஒரு பெண், ரூட்டிங்கில் மருந்துக்கடையில் வேலை, என் மனைவி. ஃபுன்மி நம்பவில்லை. நேசம் குசினியிலிருந்து முதல் வரியை மட்டும் பாடிக் காட்டினாள். குரல் இப்போது இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. ஃபுன்மி பையைக் கீழே போட்டுவிட்டாள்.

30 ஆகஸ்ட், புதன்

தபாலில் சதுரமாக ஒரு பொதி. நேசத்தின் பெயருக்கு. உடைக்கவில்லை. ஐந்தரை வரைக்கும் அதைச் சோபாவில் இருத்தி எதிரே நானும் இருந்தேன்.

நேசம் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டினாள். கறுப்புத் தட்டு, நீலத்தாள். கெரி மீ டு மண்டே. கீழே, பாடியவர்: நேசமலர். அவ்வளவுதான். என் பெயரும் இல்லை, அவள் அப்பாவின் பெயரும் இல்லை.

"காணுமோ, இது போதுமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"காணும்" என்றேன்.

10 செப்டம்பர், ஞாயிறு

பிரிக்ஸ்டனில் ஒரு இசைத்தட்டுக் கடையில் வெளியீடு. மத்தியானம் பன்னிரண்டுக்கு. நாங்கள் சேர்ச்சிலிருந்து நேரே போனோம். ஷரோன் காரோட்டினாள். பின்சீட்டில் நேசம் என்னிடம் சொன்னாள், "என்ர கோவம் போகேல்லை. அது கிடக்கும். அதுக்காக நீங்கள் வராமல் விடேலாது."

கடை கொள்ளாமல் சனம் நடைபாதையிலும் நின்றது. தலை நரைத்த ஆட்கள், முழங்கால் பட்டி கட்டிய ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள். றேச்சல் மைக்கைக் கொண்டுவந்தாள். நேசம் கைப்பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

பியானோ தொடங்கியது. எல்லாரும் கையை உயர்த்தினார்கள். நேசம் செருப்பைக் கழற்றினாள். இந்த முறை நான் அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது என் வயதை ஒத்த ஒரு வெள்ளைக்காரர் பக்கத்தில் வந்தார். கையில் பழைய தட்டு, மூலையெல்லாம் தேய்ந்துபோனது, கூடவே ஒரு பேனா. 93இல் கிளாஸ்கோவில் டீஜேயாக இருந்தாராம். இதற்காகவே ரயிலேறி வந்தாராம். வீட்டுக்காரர்போல் கைப்பையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழைய தட்டில் இருந்த பெயரை விரலால் காட்டினார். "நீங்கள்தானா ஜே சீலன்?"

"அப்படி ஒருவர் இல்லை" என்றேன். "அதோ பாடுகிறார், அவரிடம் கேளுங்கள்."

அவர் நேசத்தை நோக்கிப் போனார். நான் பாட்டு முடியும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முழங்கால் அளக்கவில்லை.